கருமணல் நாட்டில் அணுக்கருவின் உதைப்பைக் கேட்பது எப்படி

குளச்சலிலிருந்து மணவாளக்குறிச்சி, சின்னவிளை வரை கடற்கரையில் ஒரு காமா மீட்டரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கருமணல் படிந்த இடங்களில் முள் ஏறுவதைப் பார்க்கலாம். மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. கடப்புறத்தை விட்டு உள்ளே நாகர்கோவில், தக்கலை என்று வந்தாலும் அது முழுதாக விடுவதில்லை. சுவர்ப் பூச்சில் எந்த மணல் சேர்ந்தது, அஸ்திவாரத்துக்கு எந்தப் பாறையை உடைத்தார்கள் என்பதைப் பொறுத்து அறைக்கு அறை காமா அளவு மாறும்.

இந்த மண்ணில் இருந்துகொண்டு, சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கொண்ட அணுக்கரு உதைப்பை அளக்க வேண்டுமானால் கருவியை யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உதைப்பு என்று இங்கே சொல்வது, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் வந்து மோத, அணுக்கரு முழுவதுமாகப் பின்வாங்கும் அந்தச் சிறு அசைவு. சோடியம் அயோடைடு படிகத்தையோ ஜெர்மானியத்தையோ எடுத்தால், தோரியம் தொடரின் காமாவை மறைக்கவே காரீயமும் செம்பும் டன் கணக்கில் வேண்டும். கல்லூரி ஆய்வகம் ஒன்றுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. காமாவைத் தடுக்கப் பாடுபடுவதைவிட, காமா காதிலேயே விழாத ஒரு கருவியைக் கட்டுவது மேல். அதற்குப் பெயர் மீவெப்பத் துளிக் கருவி: கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் துளி, உதைப்பு பட்டதும் குமிழியாகி ஓசை எழுப்பும்; அதைத்தான் கேட்கப்போகிறோம். ராபர்ட் ஆப்ஃபெல் 1979-இல் அறிமுகப்படுத்தியது. இதே முறையில், ஆர்-134ஏ வாயுவை வைத்து, கொல்கத்தா சாஹா ஆய்வு நிறுவனத்தார் ஜார்க்கண்டின் ஜாதுகூடா சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் இண்டெக்ஸ் என்ற சோதனையை நடத்துகிறார்கள். ஆர்-134ஏ என்றால் கார் ஏசிக்கு அடிக்கும் அதே வாயுதான்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூடங்குளம் பக்கத்தில்தானே, நியூட்ரினோ தெரியுமா என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். 3000 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட ஒரு உலை நொடிக்கு 6-ஐ அடுத்து 20 சுழி போட்ட அளவுக்கு எதிர்நியூட்ரினோக்களை வெளியிடுகிறது. ஆனால் நாகர்கோவில் அங்கிருந்து 30 கிலோமீட்டர். பத்து கிராம் வாயுவை வைத்துக் கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒன்று விழுந்தால் பெரிது. சுவிட்சர்லாந்தின் லைப்ஸ்டாட் உலையில் இதைப் பிடித்த கோனஸ் பிளஸ் குழு, உலை மையத்திலிருந்து 20.7 மீட்டரில் ஜெர்மானியக் கருவிகளை வைத்து, 160 எலக்ட்ரான் வோல்ட் வரை இறங்கித்தான் 119 நாளில் 395 நிகழ்வுகளைக் கண்டது. நம் மேசைக் கருவி காட்டப்போவது விண்கதிரால் உண்டாகும் நியூட்ரான்கள் ஃபுளோரின், கார்பன் அணுக்கருக்களை உதைப்பதை. வாசல் ஆற்றல், அதாவது குமிழி பிறக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 2 முதல் 6 கே.இ.வி. (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) வரை. பிரபஞ்சத்தில் ஒளி விடாமல் ஒளிந்திருக்கும் கரும்பொருளைத் தேடும் பெரிய சோதனைகளும் இதே வாசலில்தான் நிற்கின்றன. பைக்கோ-60 குழு 2019-இல் 2.45 கே.இ.வி.யில் முடிவு வெளியிட்டது. ஆகவே சிறு கருவி என்றாலும் கற்றுக்கொள்வது சரியான இடத்தில்.

காமா ஏன் காதில் விழாது

ஆர்-134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிட வேண்டும். ஆனால் அதைச் சிறு துளிகளாக்கி, தூசியோ காற்றுக்குமிழியோ இல்லாத ஜெல்லுக்குள் அடைத்து வைத்தால், கொதிக்கத் தொடங்க ஒரு பிடி கிடைக்காமல் 30 டிகிரியிலும் திரவமாகவே காத்திருக்கும். கொதிப்பைத் தொடக்க, ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் ஒரேயடியாக விழ வேண்டும். 30 டிகிரியில் அந்த ஆரம் சுமார் 22 நானோமீட்டர். பத்து கே.இ.வி.யோடு உதைக்கப்பட்ட ஃபுளோரின் அணுக்கரு சில பத்து நானோமீட்டருக்குள் நின்றுவிடும்; ஆற்றல் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் கொட்டும். காமா தள்ளிவிடும் எலக்ட்ரான் அதே பத்து கே.இ.வி.யை இரண்டு மைக்ரோமீட்டருக்கு மேல் நீட்டிச் சிதறவிடும். நூறு மடங்கு நீளத்தில் பரவிய ஆற்றலால் எந்த இடத்திலும் குமிழி பிறக்காது.

அழுத்தம் மாறாதவரை வாசல் ஆற்றலை முடிவுசெய்வது வெப்பநிலை மட்டுமே. குமிழி பிறக்கத் தேவையான ஆற்றலைக் கணக்கிடும் சைட்ஸ் சூத்திரத்தில் ஆர்-134ஏ-யின் பரப்பு இழுவிசை, ஆவி அழுத்தம், உள்ளுறை வெப்பம் மூன்றையும் போட்டுப் பார்த்தால் 20 டிகிரியில் ஏறத்தாழ 11 கே.இ.வி., 25-இல் 6, 30-இல் மூன்றரை, 35-இல் 2 என்று வரும். இந்த நான்கு எண்களையும் மேசை மேல் ஒட்டிவையுங்கள். டிசம்பர் விடியற்காலை 24 டிகிரிக்கும் ஏப்ரல் மதியம் 34 டிகிரிக்கும் இடையில், கட்டுப்பாடில்லாத கருவி ஒன்றின் வாசல் மூன்று மடங்கு ஆடிவிடும். இங்கே காற்றழுத்தம் மாறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். புயல் நாளில் பத்து மில்லிபார் இறங்கினாலும் துளியின் ஆவி அழுத்தத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள ஆறே முக்கால் பார் வித்தியாசத்துக்கு முன் அது ஒன்றுமில்லை.

35-க்கு மேல் ஆசைப்பட்டு ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 40-ஐ நெருங்கும்போது காமாவும் குமிழி போடத் தொடங்கும். அப்போது இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணமே போய்விடும்.

வாங்க வேண்டியவை

ஜெல்லுக்கு: ஆய்வகத் தர கிளிசரால் ஒரு லிட்டர், ஸ்கேன் சென்டரில் வயிற்றில் தடவும் அல்ட்ராசவுண்ட் ஜெல் ஒரு பாட்டில். சாயம், வாசனை சேராத, தெளிந்த வகையாகப் பாருங்கள்.

வாயு: ஆர்-134ஏ. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏசி ஆயிலும், கசிவு காட்டும் சாயமும் கலந்த டப்பாக்கள் கடையில் உண்டு. அவை இங்கே உதவாது. ஆயில் படிந்த துளி எதற்கென்று தெரியாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். வேறு வாயு கலந்த போலிச் சரக்கும் வருகிறது. கண்டுபிடிக்க எளிய வழி: டப்பாவை 30 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து, ஏசி மெக்கானிக்கின் மேனிஃபோல்டு கேஜை மாட்டுங்கள். நல்ல ஆர்-134ஏ என்றால் 97 பிஎஸ்ஐ பக்கத்தில் நிற்கும். நூற்றுப்பத்தோ எண்பதோ காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாத்திரம்: 500 மி.லி. கொள்ளும் 316 ரக ஸ்டெயின்லெஸ் அழுத்தக் கலன், 40 பார் தாங்கக்கூடியது, ஹைட்ரோ டெஸ்ட் சான்றோடு. அதில் 25 பார் வரை காட்டும் கேஜ், 18 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு, இரண்டு பால் வால்வு. பிரஷர் குக்கரைக் கொண்டு வேலையை முடிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். அது ஒரு பார் சுமாருக்குச் செய்தது. நாம் பத்து பாரில் வேலை செய்யப்போகிறோம்.

மற்றவை: வலுவான காந்தக் கலக்கி, ரோட்டரி வேக்கம் பம்பு, 0.01 கிராம் காட்டும் தராசு, வெல்டிங் கடையில் கிடைக்கும் உலர் நைட்ரஜன் சிலிண்டர், 150 மி.லி. போரோசிலிக்கேட் பாட்டில் நான்கு, அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் 27 மி.மீ. பீசோ தட்டு நான்கு, அந்தக் குறிப்பைப் பெருக்க டிஎல்-072 ஐசி, 96 கிலோஹெர்ட்ஸில் பதியும் யுஎஸ்பி சவுண்டு கார்டு, பிடி-100 வெப்ப உணரியுடன் பிஐடி கன்ட்ரோலர் (வெப்பநிலையை நிலையாக வைப்பது), தெர்மோகோல் பெட்டி. அதிர்வைத் தடுக்க ரப்பர் ஷீட்டும் வேண்டும். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் ரப்பருக்கு என்ன பஞ்சம்!

ஜெல் கலப்பது

கிளிசரால் நான்கு பங்கு, அல்ட்ராசவுண்ட் ஜெல் ஒரு பங்கு, அளவுக் குவளையால் அளந்து கலக்குங்கள். விகிதத்தை நம்பி விட்டுவிடாமல் 100 மி.லி. எடுத்து நிறுத்துப் பாருங்கள். 120, 121 கிராம் வர வேண்டும். திரவ ஆர்-134ஏ-யின் அடர்த்தி 25 டிகிரியில் 1.21 என்பதால் துளி மேலேயும் ஏறாமல் அடியிலும் படியாமல் நடுவில் நிற்கும். எடை கூடினால் ஜெல் சேருங்கள், குறைந்தால் கிளிசரால்.

கலந்ததை நுண்ணிய ஸ்டெயின்லெஸ் வலையில் வடிகட்டி, 50 டிகிரிக்குச் சூடாக்கி, வேக்கத்தில் வையுங்கள். முதல் அரை மணி நேரம் பால் பொங்குவது போலப் பொங்கும். பம்பு வால்வை விட்டுவிட்டுத் திறந்தால் வழியாது. மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கும்போது ஒரு புள்ளிகூட மின்னக் கூடாது. இங்கே அவசரப்பட்டு நிறுத்தியவர்களுக்குப் பின்னால் அழுத்தம் இறக்கும் நேரத்தில் முழு ஜெல்லும் நுரையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழி ஒன்று போதும், ஒரு துளி கொதிக்க.

துளி போடுவது

200 மி.லி. ஜெல்லையும் கலக்கும் காந்தத் துண்டையும் கலனுக்குள் போட்டு மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுங்கள். கலனை உடைத்த ஐஸில் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். சுழியம் டிகிரியில் ஆர்-134ஏ-யின் ஆவி அழுத்தம் மூன்று பாருக்குச் சற்றுக் கீழே; வெளியே 30 டிகிரியில் இருக்கும் டப்பாவில் 7.7 பார். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, 0.5 மைக்ரோமீட்டர் ஃபில்டர் வழியாக இணைத்தால் திரவம் தானாக உள்ளே ஓடும். டப்பாவைத் தராசில் தொங்கவிட்டு, 10 கிராம் குறைந்ததும் வால்வை மூடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திரவம் தோலில் பட்டால் உறைந்து வெந்துபோகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் கூடாது. தீயில் இந்த வாயு ஹைட்ரஜன் ஃபுளோரைடாகச் சிதைகிறது.

கலனை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, நைட்ரஜன் விட்டு மொத்த அழுத்தத்தை 10 பாருக்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். ஏற்றிய நைட்ரஜன் ஜெல்லில் கரைந்து, இறக்கும்போது குமிழியாகத் திரும்பி வரும். ஆவி அழுத்தத்துக்கு மேல் இரண்டு மூன்று பார் இருந்தாலே துளி திரவமாக நிற்கும்.

இப்போது கலக்கியை மெதுவாகத் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் வேகத்தைக் கூட்டி, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எடுத்தவுடன் முழு வேகம் கொடுத்தால் காந்தம் பிடி விட்டுத் துள்ளும். அதன் பிறகு நீங்கள் கலக்குவது ஜெல்லை அல்ல, வெறும் ஓசையை. துளி 0.1 முதல் 0.2 மி.மீ. விட்டத்துக்கு வர வேண்டும். பத்து கிராமில் சில மில்லியன் துளி கிடைக்கும். ஒவ்வொரு நிகழ்வும் ஒரு துளியைத் தின்றுவிடும் என்றாலும், இத்தனை துளியில் மாதக்கணக்கில் ஓடினாலும் குறைவு தெரியாது.

பிறகு திரும்பவும் ஐஸ். கலன் 2, 3 டிகிரிக்கு வந்ததும் ஒரு மணி நேரமெடுத்து அழுத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இந்தக் குளிரில் வாசல் ஆற்றல் மிக உயரத்தில் இருப்பதால் துளி எளிதில் அசையாது. திறந்து, குளிர வைத்த இரண்டு பாட்டில்களில் நூறு நூறு மி.லி. ஆக, சுவரை ஒட்டி மெல்ல ஊற்றுங்கள். ஜெல் இளநீர் வழுக்கை போல வெண்மையாகத் தெரிந்தால் துளி நன்றாகப் பிரிந்திருக்கிறது. மேலே சோப்பு நுரை கட்டினால் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கைக் கொண்டு அளவெடுக்காதீர்கள், திரும்பச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிலை இறுக்கி மூடாதீர்கள். ஐந்து கிராம் ஆர்-134ஏ ஆவியானால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு. மின்சாரம் கோளாறாகி ஹீட்டர் நிற்காமல் ஓடினால் மூடிய கண்ணாடி வெடித்துச் சிதறும். மூடியில் துளையிட்டு, மெல்லிய குழாய் ஒன்றை வெளியே கொண்டுவந்து, அதன் நுனியை இரண்டு சென்டிமீட்டர் ஆழ எண்ணெயில் வையுங்கள். அழுத்தம் சேராது, வெளிக்காற்றும் உள்ளே வராது.

தோரியத்தின் மறுபக்கம்

காமாவை ஏமாற்றியாகிவிட்டது, ஆனால் ஆல்ஃபாவை ஏமாற்ற முடியாது. தோரியம் தொடரில் வரும் தோரான் என்ற வாயு ஆல்ஃபா உமிழும்போது, பின்வாங்கும் பொலோனியம் அணுக்கருவுக்கு 116 கே.இ.வி. கிடைக்கிறது. அதுவும் அணுக்கரு உதைப்புதான், நம் துளியைக் கட்டாயம் கொதிக்கவைக்கும். நியூட்ரானையும் இதையும் ஒரு குமிழி பிரித்துச் சொல்லாது. இந்த மாவட்டத்தில் இந்தக் கருவியைக் கட்டுபவர் உழைப்பில் பாதியை இதற்கே கொடுக்க வேண்டும்.

தோரானுக்கு ஒரு பலவீனம் உண்டு: அரை ஆயுள் 55.6 நொடி. நைட்ரஜன் கொண்டு பெட்டியை நிரப்பினாலே தீரும். காற்றுதான் விட வேண்டுமென்றால் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பத்து நிமிடம் தங்கவைத்து, ஃபில்டர் வழியாக அனுப்பினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தொல்லை அதன் வாரிசான காரீயம்-212. அரை ஆயுள் 10.6 மணி நேரம். காற்றில் உள்ள தூசியில் ஒட்டிக்கொண்டு கிளிசராலில், பாட்டில் சுவரில், கையுறையில் என்று எங்கும் படியும். அதிலிருந்து வரும் பிஸ்மத்-212-உம் பொலோனியம்-212-உம் ஆல்ஃபா உமிழ்பவை. பின்னதன் ஆல்ஃபாவுக்கு 8.78 எம்.இ.வி. (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்).

ஆகவே வேலைக்கு மாடி அறையைத் தேர்ந்தெடுங்கள். தரைத்தளத்தில் மண்ணிலிருந்து ஏறும் தோரான் அதிகம். புதிதாகப் பூசிய அறை வேண்டாம். பாட்டில்களை நைட்ரிக் அமிலம், காய்ச்சி வடித்த நீர் என்று கழுவியதும் காயவைக்கத் திறந்த ஜன்னலோரம் கவிழ்த்து வைக்காதீர்கள், மூடிய பையில் வையுங்கள். கண்ணாடியிலும் சிறிதளவு யுரேனியம், தோரியம் உண்டு. அதிலிருந்து வரும் ஆல்ஃபா ஜெல்லுக்குள் 0.1 மி.மீ. தாண்டாது என்பதால், துளி இல்லாத வெறும் ஜெல்லை முதலில் பாட்டிலுக்குள் உருட்டி ஒரு மில்லிமீட்டர் பூச்சாக விட்டு, பிறகு துளி ஜெல்லை ஊற்றினால் சுவரின் தொல்லை பெரிதும் அடங்கும்.

ஊற்றியபின் ஐந்து நாள் பொறுத்திருங்கள். காரீயம்-212 பத்து அரை ஆயுள் கடக்க நாலரை நாள் ஆகும். அதே நாட்களில், கரைந்த நைட்ரஜனால் தானாகக் கொதிக்கும் துளிகளும் தீர்ந்துவிடும். முதல் இரண்டு நாள் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்து படம் வரைந்துவிடாதீர்கள், அதில் உதைப்பு என்பது கொஞ்சமே.

காது வைப்பது

பீசோ தட்டைப் பாட்டிலின் வெளிச்சுவரில், ஜெல் மட்டத்தின் நடு உயரத்தில், எபாக்சியால் ஒட்டுங்கள். ஒட்டில் காற்று சிக்கினால் பாதி ஓசை அங்கேயே செத்துவிடும். பீசோவுக்குக் குறுக்கே 10 மெகாஓம், பிறகு டிஎல்-072-இல் இரண்டு கட்டமாகப் பெருக்கி மொத்தம் 500 மடங்கு. ஒரு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை வெட்டிவிடுங்கள். மின்சாரத்தை இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலிருந்தே கொடுங்கள்; அடாப்டர் போட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒட்டிக்கொண்டு வரும். கடல் காற்று படும் ஊரில் சாதாரண ஆடியோ ஜாக் சில மாதத்தில் பச்சை பிடிக்கும். ஈயம் வைத்து நேரே ஒட்டிவிட்டு வார்னிஷ் பூசுவது நல்லது.

இரண்டாவது பீசோவைத் தெர்மோகோல் பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டி, சவுண்டு கார்டின் அடுத்த வாய்க்குக் கொடுங்கள். இது காவல்காரன். திருவிழாக் குழாய் ஸ்பீக்கர், கோயில் வெடி, மாடிப்படியில் ஓடும் மாணவர்கள், ஆடி மாதக் காற்றில் அடிக்கும் கதவு எல்லாம் இதில் முதலில் விழும். இரண்டிலும் ஒரே நேரம் விழுந்ததைத் தள்ளிவிடலாம்.

பின்னணி இரைச்சலின் சராசரி அளவைப்போல் ஐந்து மடங்கில் டிரிக்கர் வைத்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் 20 மில்லிநொடி அலைவடிவத்தைச் சேமியுங்கள். உண்மையான குமிழி ஒரு மில்லிநொடிக்குள் எழுந்து, அடித்த மணி அடங்குவதுபோலச் சில மில்லிநொடியில் தேயும். ஓசையின் பெரும்பகுதி சில கிலோஹெர்ட்ஸில் இருக்கும். ரிலே, சுவிட்ச் போடும் மின்பொறி ஒற்றை ஊசியாக வந்து வால் இல்லாமல் நின்றுவிடும். ஒவ்வொரு அலைவடிவத்துக்கும் வோல்ட்டின் வர்க்கத்தைக் கூட்டி, அதன் மடக்கையை எடுத்து வரைபடம் போட்டால் இரைச்சல் ஒரு மேடாகவும் குமிழி இன்னொரு மேடாகவும் பிரிந்து நிற்கும். இதே முறையில் கரும்பொருள் தேடிய பிக்காசோ குழு 2008-இல், ஆல்ஃபாவால் வரும் குமிழி உதைப்பால் வருவதைவிட உரக்க ஒலிப்பதைக் காட்டியது. ஒற்றைப் பீசோவை வைத்து அந்தப் பிரிவு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், ஆனால் அலைவடிவங்களை அழிக்காமல் வையுங்கள்.

கண்ணாலும் ஒருமுறை பாருங்கள். 30 டிகிரியில் பாட்டிலைப் பக்கவாட்டு டார்ச்சில் வைத்து, லென்ஸோடு பொறுமையாக உட்கார்ந்தால், வெண்மையான ஜெல்லுக்குள் ஒரு இடத்தில் சட்டென்று தெளிந்த ஒரு முத்து பிறக்கும். 0.15 மி.மீ. துளி ஆவியானால் விட்டம் ஆறரை மடங்காகி ஒரு மில்லிமீட்டர் குமிழியாகும். நல்ல ஜெல்லில் அது ஏறாது, பிறந்த இடத்திலேயே நிற்கும். அந்தக் கணத்தில் கணினித் திரையில் ஒரு அலைவடிவம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருபது குமிழிக்கு இருபதும் விழுந்தால் காது சரி. பதினைந்துதான் விழுந்தது என்றால் ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள்.

வெப்பத்தைக் கட்டிப் பிடிப்பது

30 டிகிரியில் ஒரு டிகிரி நகர்ந்தால் வாசல் ஏறத்தாழ அரை கே.இ.வி. நகரும். 0.1 டிகிரிக்குள் நிறுத்துங்கள். அறையை ஏசியில் 26-இல் வைத்து, பெட்டிக்குள் ஹீட்டர் மட்டும் ஓடினால் பிஐடி எளிதாகப் பிடிக்கும். அறையே 32-ஐத் தொட்டால் ஹீட்டரால் என்ன செய்ய முடியும்? பெட்டிக்குள் ஃபேன் வேண்டாம், அதிர்வு வரும். 12 வோல்ட் ஹீட்டர் கம்பியைச் சுவரெங்கும் பரப்பி ஒட்டினால் போதும். கன்ட்ரோலருக்கு ரிலேக்குப் பதில் பொறி எழுப்பாத எஸ்எஸ்ஆர் (மின்னணு ரிலே) போடுங்கள். பிடி-100-ஐ ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல், வெறும் ஜெல் ஊற்றிய இன்னொரு பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். துளியின் வெப்பநிலை அதுதான், காற்றின் வெப்பநிலை அல்ல.

ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போய்ப் போய் வரும். யுபிஎஸ் இருந்தாலும் ஒவ்வொரு பத்து நொடிக்கும் வெப்பநிலையைப் பதியுங்கள். 0.2 டிகிரிக்கு மேல் விலகிய நேரத்தை எண்ணிக்கையோடு சேர்த்தே கழித்துவிட வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கழித்து நேரத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இது உதைப்புதானா

ஐந்து கிராம் வாயுவில், கடல் மட்டத்தில், மணிக்குச் சில நிகழ்வுகள் வர வேண்டும். நாம் 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் பூமியின் காந்தப்புலம் விண்கதிரை நன்றாக வடிகட்டிவிடும்; வட நாடுகளின் எண்ணோடு ஒப்பிட்டுக் குறைகிறதே என்று கலங்க வேண்டாம். மணிக்கு நூறு வந்தால் அது நியூட்ரான் இல்லை, ஆல்ஃபா அல்லது காற்றுக்குமிழி.

முதல் சோதனை வெறும் பாட்டில். துளி போடாத ஜெல்லில் அதே பீசோவை ஒட்டி மூன்று நாள் ஓட்டுங்கள். நாளுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் விழுந்தால் இரைச்சலைப் பிரிக்கும் வழியைத் திருத்த வேண்டும்.

அடுத்தது பொட்டாஷ் சோதனை. வாழைக்கும் தென்னைக்கும் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் பத்து கிலோவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியைச் சுற்றி வையுங்கள். கிலோவுக்குப் பதினைந்தாயிரம் பெக்கரல் பொட்டாசியம்-40. பத்து கிலோவிலிருந்து நொடிக்குப் பதினாறாயிரம் சுமாருக்கு 1.46 எம்.இ.வி. காமா. ஒரு காமா மீட்டர் இதைத் தெளிவாகக் காட்டும், நம் கருவியின் எண்ணிக்கை அசையக் கூடாது. அசைந்தால் வெப்பநிலை நீங்கள் நினைப்பதைவிடக் கூட இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் கடற்கரைக் கருமணலை அள்ளிவர வேண்டாம். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள்; தவிர, அதிலிருந்து கசியும் தோரான் சோதனையையே கெடுத்துவிடும்.

மூன்றாவது தண்ணீர் சோதனை. இதுதான் நியூட்ரானுக்குச் சாட்சி. 20 லிட்டர் கேன்களைப் பெட்டியைச் சுற்றி அடுக்கி, மேலேயும் பலகை போட்டு இருபது சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி மூடுங்கள். மேல்மூடி முக்கியம், விண்கதிர் நியூட்ரான் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. எண்ணிக்கை இறங்கி, கேன்களை எடுத்ததும் பழைய அளவுக்கு ஏற வேண்டும். தண்ணீரில்லாமல் 400, தண்ணீரோடு அதே நேரத்தில் 300 என்றால் வித்தியாசம் 100, பிழை 26, நம்பலாம். நாற்பதும் முப்பதும் எண்ணிவிட்டு முடிவு சொல்லக் கூடாது. தண்ணீர் வைத்தும் வைக்காமலும் ஒரே எண்ணிக்கை என்றால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஆல்ஃபாவை. பழக்கத்தில் காரீயச் செங்கலைத் தூக்கிவந்து வைத்துவிடாதீர்கள். விண்கதிர் காரீயத்தில் மோதிப் புது நியூட்ரான்களைக் கிளப்பும், எண்ணிக்கை கூடும்.

கடைசியாக வெப்பநிலைப் படி. 22-இலிருந்து 36 வரை இரண்டு இரண்டு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது 100 நிகழ்வு சேரும்வரை நில்லுங்கள். நியூட்ரான் என்றால் வளைவு சாய்வாக ஏறும், வாசல் தாழத் தாழ மெலிந்த உதைப்புகளும் சேர்ந்துகொள்வதால். ஆல்ஃபா என்றால் ஒரு இடத்தில் சட்டென்று எழுந்து பிறகு தட்டையாகும். இரண்டும் கலந்திருந்தால் தட்டைப் பகுதிக்கு மேல் ஒரு சாய்வு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஆல்ஃபாவின் பங்கைக் கழித்துவிடலாம். அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான் மூலம் கொண்டு சரிபார்க்க விரும்பினால், உரிமமும் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரும் உள்ள நிறுவனத்துக்குப் பாட்டிலை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள்; மூலத்தை இங்கே கொண்டுவர முயலாதீர்கள். பேருந்தில் மடியில் வைத்துக் குலுங்கிப் போனால் பாதித் துளி வழியிலேயே கொதித்துவிடும்.

ஓட்டம் முடிந்ததும், உண்மையில் எத்தனை கிராம் துளி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: பாட்டிலை நிறுத்து, 60 டிகிரி தண்ணீரில் வைத்து எல்லாத் துளியும் கொதித்துத் தீரும்வரை விட்டு, ஆறியபின் மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் துளியின் எடை. ஊற்றும்போது பத்தில் ஒன்றிரண்டு பங்கு பறந்திருக்கும் என்பதால் ஐந்து கிராம் என்று எழுதிக்கொண்டது நாலரையாக இருக்கலாம். வெளியேறும் வாயுவைக் குழாய் வழியாகப் பிடித்து, காலியான டப்பாவை டிரை ஐஸில் புதைத்துத் திரும்ப அடைத்துவிடுங்கள். காற்றில் விட்டால் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும் பொருள் இது. அடுத்த ஓட்டம் வரை வைத்திருக்க வேண்டிய பாட்டிலின் ஜெல்லைக் கலனுக்குத் திருப்பி, 10 பாரில், ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறந்த குமிழிகளில் பெரும்பாலானவை அழுத்தத்தில் மறுபடி துளியாகச் சுருங்கிவிடும்.